கிளமெண்டியிலிருந்து ஒரு புலம்பல்

அன்புள்ள முருகேசு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? தேக்காவில் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும் யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன். பதில் போடாததற்கு அப்புறம் திட்டிக்கொள். இதை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஹேமடைட் ஃபிலிம், அந்த மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம், நினைவிருக்கிறதா? "துருவை ஆராயவா சிங்கப்பூர் போனாய்?" என்று கேட்டாயே, அதேதான். அதில் அடுத்தடுத்த ஸ்பின்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், எதிரெதிராக நிற்பதால் வெளியே காந்தம் பெரிதாகத் தெரியாது. அதனால் அதன்மேல் சில நானோமீட்டர் பிளாட்டினம் பூசி, அதில் மின்சாரத்தை விட்டு ஸ்பின்களைத் திருப்பப் பார்க்கிறோம். ஒரு திசையில் மின் துடிப்பு கொடுத்தால், மின்னோட்டத்துக்குப் பக்கவாட்டில் எழும் ஹால் வோல்டேஜ் ஏறுகிறது, குறுக்கே கொடுத்தால் இறங்குகிறது. பாஸுக்கு ஒரே கொண்டாட்டம். கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார்.

எனக்குத்தான் உறுத்தல். ஸ்பின் திரும்பினால் வோல்டேஜ் ஒரே படியாக ஏறி நிற்க வேண்டாமா? இது துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக, ரம்பப் பல் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. சரி என்று வெறும் கண்ணாடி மேல் பிளாட்டினம் மட்டும் பூசி அளந்தேன். அதில் காந்தம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதே ரம்பம்!

பிளாட்டினக் கோடுகளின் கைகள் கூடும் மூலைகளில் மின்னோட்டம் நெரிந்து சூடேறுகிறது, உலோக அணுக்களே இடம் பெயர்கின்றன, மின்தடை மாறுகிறது. அவ்வளவுதான் விஷயம். 2019இலேயே ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸில் ஒரு குழு இப்படி எச்சரித்திருக்கிறது. பாஸிடம் காட்டினேன். "நம்ம ஃபிலிம் வேற" என்றார்.

உடனே ஆரம்பித்துவிடாதே. இந்த எதிரெதிர் ஸ்பின் பொருள்கள் பயனில்லாத சரக்கு என்று, அவற்றை ஆராய்ந்த லூயி நேலே 1970 நோபல் உரையில் சொன்னதை வைத்து நீ ஹாஸ்டலில் என்னை ஓட்டியபோதே, உன் ஹார்டு டிஸ்கின் தலைக்குள் அதே வகையைச் சேர்ந்த இரிடியம்–மாங்கனீஸ் படலம் உட்கார்ந்திருந்தது. 2015இல் தோக்கியோவில் மாங்கனீஸ்–வெள்ளீயச் சேர்மத்தில், காந்தம் இருப்பதே தெரியாத நிலையிலும், அறை வெப்பத்தில் பெரிய ஹால் விளைவைக் காட்டினார்கள். சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பினால் குறியே மாறுகிறது. அது ஆதாரம். எங்களுடையது அடுப்பு.

புது மாணவி குரோமியம் ஆக்சைடுக்கு மாறலாமா என்கிறாள். அதன் ஸ்பின் ஒழுங்கு சுமார் 34 டிகிரி செல்சியஸிலேயே கலைந்துவிடும். இந்த ஊர் மத்தியானத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாலே தீர்ந்தது! சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அவளுடைய முனைவர் பட்டம் இந்த வரைபடத்தை நம்பித்தான் இருக்கிறது. என் வேலை அனுமதிப் புதுப்பிப்பும் பாஸ் சொல்வதைப் பொறுத்தது. ராத்திரி தூக்கம் வருவதில்லை, முருகேசு.

உன் பழைய சிங்க்ரோட்ரான் ஆட்களிடம், பலமான எக்ஸ்ரே தரும் அந்த இயந்திரத்தில், கொஞ்சம் நேரம் கிடைக்குமா? எக்ஸ்ரேயில் டொமைன்களை, அதாவது ஸ்பின்கள் ஒரே ஒழுங்கில் நிற்கும் பகுதிகளை, நேராகப் படம் பிடித்தால், ஸ்பின் திரும்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும். கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கண்ணாடி அளவீட்டைத்தான் முதலில் போடப்போகிறேன். வரைபடங்களைத் தனியாக அனுப்புகிறேன், பார்த்துவிட்டுக் கூப்பிடு.

பாலாவிடம் மூச்சு விடாதே. அவனுக்குத் தெரிந்தால் செட் முழுக்கத் தெரிந்துவிடும்.

உன்,
செல்வம்