ஓர் உறையில் நாலு கத்தி

அன்புள்ள வாசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கட்டுப் பிரித்த மறுநாளே உன் கடல்நீர்த் தொட்டிக்கு மீன் பட்டியல் எழுத உட்கார்ந்துவிட்டாய் பார், அதுதான் நீ. பெரிய பெரிய எழுத்தில், பக்கம் முழுக்க: எல்லோ டேங், பர்ப்பிள் டேங், ப்ளூ ஹிப்போ டேங், பவுடர் ப்ளூ டேங். கடைசியில் ஒரே வரி: "நாலும் சேர்ந்து இருக்குமா?"

இருக்கும். ஆனால் நீ எழுதியிருக்கிற நாலும் இல்லை, உன்னிடம் இருக்கிற நாலடித் தொட்டியிலும் இல்லை. பதில் இவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் கடிதம் நீளப்போகிறது. மீனும் சர்ஜன் மீன், நீயும் அறுவை முடிந்து ஓய்வில் இருக்கிறாய், என் அறுவையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்.

முதலில் ஒரு ஒப்பந்தம். இனிமேல் இந்தச் சர்ஜன் மீனை டேங் என்றும் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டி என்றும்தான் எழுதுவேன். போன தடவை போனில் "டேங்க்ல எத்தனை டேங்" என்று ஆரம்பித்து, நீ லிட்டர் கணக்குச் சொல்ல, நான் மீன் கணக்கு என்று நினைத்துக்கொள்ள, கால் மணி நேரம் வீணாய்ப் போனது.

இந்த மீனின் வால் தொடங்குகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு முள் இருக்கிறது. மடக்குக் கத்தி மாதிரி ஒரு பள்ளத்துக்குள் படுத்திருக்கும். வாலை வளைத்து வீசும்போது வெளியே நீட்டிக்கொள்ளும். எல்லோ டேங்கில் அது வெள்ளையாக இருப்பதால் நன்றாகவே தெரியும். சர்ஜன் மீன் என்ற பெயரே இதனால்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு பேரினத்துக்கு வைத்த அகாந்தூரஸ் என்ற கிரேக்கப் பெயருக்கும் முள்வால் என்றுதான் பொருள். "வாலாட்டினால் ஒட்ட நறுக்கிவிடுவேன்" என்று நம்மை மிரட்டுவார்களே, இங்கே நறுக்குவதே வால்தான். ஒருமுறை வலையில் பிடித்தபோது அந்த முள் வலைக்கண்ணில் சிக்கிக்கொண்டது. விடுவிக்கப் போன என் ஆள்காட்டி விரலில் பிளேடு கீறியதுபோல் ஒரு கோடு. அதற்குப் பிறகு டேங்கை நான் வலையால் தொடுவதில்லை. பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மெதுவாக உள்ளே ஓட்டித்தான் பிடிப்பேன்.

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். நீ நாலு கத்தி கேட்கிறாய்.

நான் முதலில் செய்த தப்பை உனக்குச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அப்போது என்னிடமும் நாலடித் தொட்டிதான். எல்லோ டேங் ஒன்று இரண்டு வருடம் அதில் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. சாதுவான மீன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு சின்ன பர்ப்பிள் டேங்கை வாங்கிவந்து, வெப்பத்தைச் சரிசெய்து, நேராக உள்ளே விட்டேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் எல்லோ தன் மேல்துடுப்பையும் கீழ்த்துடுப்பையும் விசிறி மாதிரி விரித்தது. உடம்பே இரண்டு மடங்காகத் தெரிந்தது. புதியதன் பக்கத்தில் பக்கவாட்டாக வந்து நின்றது, முகத்தைக் காட்டாமல் விலாவைக் காட்டி. பிறகு ஒரே ஒரு வீச்சு. கண்ணாடியில் ஏதோ சுண்டினமாதிரி சத்தம் எனக்கே கேட்டது.

சாயங்காலத்துக்குள் பர்ப்பிளின் வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. விளக்கை அணைத்தேன், கல்லை மாற்றி வைத்தேன், எதுவும் பயன்படவில்லை. மூன்றாம் நாள் அது மேல்மூலையில் பம்புக்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. தின்ன வரவே இல்லை. நாலாம் நாள் செத்துப்போனது. பத்து நாள் கழித்து ஜெயித்த எல்லோவின் மேலும் உப்பைத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள். புது மீனைத் தனிமைப்படுத்தி வைக்காமல் விட்டதற்குத் தண்டனை.

அந்தப் புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள்தான் இருக்கும். பிறகு கீழே விழுந்து கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, உள்ளேயே பெருகி, குஞ்சுகளாக நீந்தி மறுபடி மீனைத் தேடும். மீனே கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதனால்தான் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைப்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோவை வெறும் தொட்டி ஒன்றுக்கு மாற்றி, ஒரு மாதம் செம்பு மருந்தில் வைத்தேன். செம்பை ரீஃப் தொட்டியில் ஊற்ற முடியாது, உனக்கே தெரியும். பவளம், நத்தை, இறால் எல்லாம் போய்விடும். டேங்குகள் மீது வழுவழுப்புப் படலம் மெல்லியதாக இருப்பதால்தான் இந்த நோய் முதலில் இவற்றைப் பிடிக்கிறது என்பார்கள். ஹிப்போவும் பவுடர் ப்ளூவும் இதில் முன்வரிசை. பயந்து ஒடுங்கின மீனுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

அந்த இடைவெளியில்தான் ஆறடித் தொட்டிக்கு மாறினேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குக்கு 680 லிட்டர், கல்லும் மணலும் போக அதைவிடக் குறைவு. ஆனால் டேங்குக்கு லிட்டரைவிட நீளம்தான் முக்கியம் என்று நான் சொல்வேன். நாள் முழுக்க இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஓடுகிற மீன் அது. துரத்தப்பட்டது ஓடிப்போய்க் கண்ணுக்கு மறைய ஒரு மூலை வேண்டும். நாலடியில் திரும்பின இடமெல்லாம் எதிராளியின் முகம்தான்.

இப்போது ஏன் சண்டை என்கிற விஷயத்துக்கு வருகிறேன். இது புரிந்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. டேங்குகளின் சண்டை பெரும்பாலும் சோற்றுச் சண்டை. கடலில் ஒரு பாறை மேல் வளரும் பாசிதான் அதற்கு வயல். தன்னைப் போன்ற உருவத்தில் இன்னொன்று வந்தால், அதே வயலை மேயப்போகிறது என்று அர்த்தம். எல்லோவும் பர்ப்பிளும் ஒரே பேரினம், ஜெப்ராசோமா. இரண்டுக்கும் தட்டையான உடம்பு, நீண்ட மூக்கு, இடுக்கில் வளர்ந்த பாசியை நூல் நூலாகப் பிடுங்கித் தின்னும். கோலே என்று இன்னொரு டேங் உண்டு, அதற்கு வேறு வாய். சீப்பு மாதிரி மெல்லிய பற்களால் கல் மேல் படிந்த படலத்தைச் சுரண்டும். ஹிப்போ பெரும்பாலும் நடுத்தண்ணீரில் மிதந்துவருவதைக் கொத்தும். ஆக, வேறு வேறு தட்டில் சாப்பிடுகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்தால் பாதிச் சண்டை தொடங்குவதே இல்லை. உன் பட்டியலில் கோலே இல்லை பார். சேர்த்துக்கொள். தேன் நிறத்தில் கோடு கோடாக, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். புதுக் கண்ணுக்கு நல்ல வேலை.

அடுத்தது வரிசை. ரயில் பெட்டியில் முன்பே ஏறி உட்கார்ந்தவர் கதவருகே நிற்பவரை எப்படிப் பார்ப்பார்? அதேதான். சாதுவானது முதலில், முரடு கடைசியில். நான் கோலேயை முதலில் விட்டேன். ஒரு மாதம் கழித்து ஹிப்போ. அதற்கும் பிறகு எல்லோவையும் ஒரு புதுப் பர்ப்பிளையும் ஒரே நாளில். எல்லோ அத்தனை நாளும் வேறிடத்தில் இருந்துவிட்டதால் அதன் பழைய பட்டா செல்லாமல் போயிருந்தது. இரண்டும் ஒரே அளவில் இல்லாமலும் பார்த்துக்கொண்டேன். சரிசமமாக இருந்தால் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளவே நாள் பிடிக்கும்.

அப்படியும் பர்ப்பிளை நேராக விடவில்லை. துளை போட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, ஆறு நாள் அதற்குள் வைத்தேன். பார்க்கலாம், தொட முடியாது. முதல் நாள் எல்லோ வந்து பெட்டியின் சுவரில் வாலால் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் அடி குறைந்து முறைப்பு மட்டும். நாலாம் நாள் நான் காப்பிக் கோப்பையோடு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், பெட்டியைக் கடந்து போகிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அடையாளம். அதற்கு மேலும் இரண்டு நாள் பொறுத்து, விளக்கு அணைந்த பிறகு திறந்துவிட்டேன். தொட்டியின் ஒரு கோடியில் வெளியே ஒரு முகக்கண்ணாடியும் சாய்த்து வைத்தேன். எல்லோ தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே பாதி நாளைக் கழித்தது. இந்தக் கண்ணாடி வித்தையைப் படித்தபோது சிரித்தேன், வாசு. இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு வாரம், பத்து நாள் வால் வீச்சு இருந்தது. துடுப்பில் ஒன்றிரண்டு கிழிசல், தானே ஆறிவிட்டது. இன்றைக்கும் காலையில் விளக்கு வந்ததும் இரண்டு நிமிடம் விசிறியை விரித்து ஒரு சுற்று வரும். அப்புறம் அவரவர் வேலை.

கன்விக்ட் டேங் என்று ஒன்று உண்டு, வெளிர் உடம்பில் கறுப்புப் பட்டை. தனியாக வந்தால் மற்ற சர்ஜன் மீன்கள் அதைத் தங்கள் வயலில் வாய் வைக்க விடாது. அதனால் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். காவல்காரன் யாரை என்று துரத்துவான்? ஒன்றைத் துரத்துவதற்குள் மற்றதெல்லாம் மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஒரே நேரத்தில் பலவற்றை விட்டால் அடி பரவலாகிவிடும் என்பதும் இதே நியாயம்தான். இரண்டாக வைத்தால் ஒன்று அடிக்கும், ஒன்று வாங்கும்.

தீனியில் கஞ்சத்தனம் கூடாது. நோரி என்கிற உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி ஒரே இடத்தில் தொங்கவிட்டால் முரடன் அங்கேயே காவல் நிற்பான். நான் மூன்று இடத்தில் மாட்டுகிறேன், இரண்டு கோடியில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. நாள் முழுக்க மேய்கிற வயிறு அது, ஒருவேளைச் சோறு அதற்குச் சரிப்படாது. வயிறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, உனக்குப் பிடிக்கும். சர்ஜன் மீனின் குடலில் எபுலோபிசியம் என்று ஒரு உயிர் வாழ்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளம், வெறுங்கண்ணுக்கே தெரியும். 1985இல் செங்கடல் மீனில் கண்டபோது இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்காது என்று நினைத்தார்கள். 1993இல் மரபணுவைப் பார்த்தால் பாக்டீரியாவேதான். பெயருக்கு மீன் விருந்தின் விருந்தாளி என்று அர்த்தமாம்.

இத்தனை தீனி போட்டால் தண்ணீரில் நைட்ரேட் என்கிற கழிவு ஏறும், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மர் பெரிதாக வேண்டும். கீழே இருக்கிற வடிகட்டித் தொட்டியில், அதாவது சம்ப்பில், பாசி வளர்க்கிறேன். அதிகமானதை அறுத்து இவர்களுக்கே போட்டுவிடுவேன். பவளத்தை இவை பெரிதாகத் தொடுவதில்லை. பசியோடு விட்டால் சதைப்பற்றுள்ள பவளத்தைக் கொத்திப் பார்க்கலாம்.

பவுடர் ப்ளூவுக்கு வருவோம். நீலமும் மஞ்சளும் கறுப்பு முகமுமாக, பார்த்தால் மனசு போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முரட்டுத்தனத்திலும் முதல், புள்ளி நோயிலும் முதல். உன் பட்டியலில் அடித்துவிடு. ரொம்ப ஆசையாக இருந்தால் ஒரு வருடம் கழித்து, எல்லாருக்கும் கடைசியாக, அதுவும் ஆறடியில். நாலடிதான் என்றால் கோலே ஒன்றே போதும், அதுவும் சந்தோஷமாக இருக்கும், நீயும் நிம்மதியாக இருப்பாய். ஹிப்போவைக் கட்டைவிரல் அளவில் விற்பார்கள், ஏமாறாதே. முழுதாக வளர்ந்தால் ஓர் அடி.

எல்லோ வாங்குவதானால் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டுப் பார். 2015இல் ஹவாயில் முதன்முதலாக முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள், இப்போது கிடைக்கிறது. கூடவே இதையும் யோசி: கடலில் எல்லோ டேங் 40 வருடத்துக்கு மேலும் வாழும் என்று காதெலும்பின் வளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள். நம் வயசுக்கு நாம் வாங்கும் மீன் நம்மைத் தாண்டி இருக்கும். என் மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவள், "தொட்டி வேண்டாம், எல்லோ மட்டும் போதும்" என்கிறாள். தொட்டியில்லாமல் எங்கே வைப்பாளாம்.

இதை எழுதும்போதே விளக்கு அணைந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லோ இரவு நிறத்துக்கு மாறிவிட்டது, மஞ்சள் மங்கி, விலாவில் பழுப்புத் திட்டும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடும். ஹிப்போ இரண்டு கல்லுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, செத்த மீன் மாதிரியே. முதல் ராத்திரி இப்படிப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டு எழுப்பினேனே, நினைவிருக்கிறதா? உன் வீட்டிலும் நடக்கும், அப்போது எனக்குப் போன் போடாதே.

அக்ரிலிக் பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது முடிந்ததும் வா. பெட்டியையும் முகக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போ. கிளிப் மட்டும் தரமாட்டேன்.

அன்புடன்,
சபா