பிளாட்டரில் எத்தனை கிராம்? சென்னையின் மந்தி, கிரில் உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் மெனுவின் நடுப்பக்கத்தில், பெரிய படத்தோடு, ‘ஃபேமிலி பிளாட்டர் - 4 பேருக்கு’ என்று ஒன்று இருக்கும்; பல ஐட்டங்களை ஒரே பெரிய தட்டில் அடுக்கித் தருவது. கீழே ஐட்டங்களின் பெயர் இருக்கும், விலை இருக்கும். எடை இருக்காது. பல இடங்களில் எத்தனை பீஸ் என்பதும் இருக்காது. மெனுவில் இல்லாத அந்த இரண்டைப் பற்றித்தான் இந்த மடல். விலை அதிகம் என்று சண்டை போட வரவில்லை. கறி, கரி, வாடகை, ஆள் கூலி எல்லாம் என்ன விலைக்குப் போகிறது என்பது எங்களுக்கும் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு பேர் பிளாட்டரில் அரை அல்ஃபஹாம் (கரியில் சுட்ட கோழி), ஆறு டிக்கா, ஆறு விங்ஸ், ஐந்து இறால் என்று வைத்துக்கொள்வோம். கூடவே மந்தி சோறு (அரபு பாணிச் சோறு), ஃப்ரைஸ், நாலு குப்பூஸ் (அரபு ரொட்டி), ஹம்மூஸ் (கொண்டைக்கடலை விழுது), மயோனைஸ். அல்ஃபஹாமுக்கு எடுக்கும் கோழி சுத்தம் செய்தபின் ஒரு கிலோ என்றால் அரைக் கோழி 500 கிராம். கரியில் வெந்து இறங்கும்போது ஏறக்குறைய 360 ஆகிவிடும், எலும்பைக் கழித்தால் 250. டிக்கா பச்சையாக ஒன்று 30 கிராம். ஆறும் வெந்தபின் 130. விங்ஸில் பாதி எலும்பு, ஆறுக்கும் சேர்த்து 85 கிராம் சதை கிடைத்தால் பெரிய விஷயம். உரித்த இறால் ஐந்தும் 40. மொத்தம் சுமார் 500 கிராம். தலைக்கு 125.

கால் பங்கு அல்ஃபஹாமைத் தனியாக வாங்கினாலும் அதே 125 கிராம் சதைதான். ஆக, நாலு பேர் அந்தப் பிளாட்டரில் சாப்பிடும் மொத்த இறைச்சியும் ஒரு முழு அல்ஃபஹாமுக்குச் சமம். பிளாட்டர் 1,900 ரூபாய், முழு அல்ஃபஹாம் 650 என்று வையுங்கள். நடுவில் இருக்கும் 1,250 ரூபாய் எதற்கு? சோறு, ஃப்ரைஸ், குப்பூஸ், நாலு விதமாகச் சமைக்கும் உழைப்பு. நாலு ருசி வேண்டும் என்பவர் அதைக் கொடுக்கத் தயாராகவே இருப்பார். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டுமே. அரைக் கிலோ பாஸ்மதி வெந்தால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். தட்டு நிறைந்து தெரிவதற்கு அதுதான் காரணம். தட்டை இன்னும் உயர்த்திக் காட்ட அடியில் முட்டைகோஸைச் சீவிப் போட்டு மேலே கபாப் அடுக்கும் வேலையும் நடக்கிறது. அந்தக் கோஸை யாரும் தொடுவதில்லை, அப்படியே குப்பைக்குப் போகிறது.

சைவ பிளாட்டர் இன்னும் மோசம். 200 கிராம் பனீர் பாக்கெட்டில் எட்டு பீஸ் வெட்டிவிடலாம். மீதியெல்லாம் காலிஃபிளவரும் பேபி கார்னும்; விலை மட்டும் சிக்கன் பிளாட்டரைவிட ஐம்பதோ நூறோதான் குறைவு.

அடுத்தது எண்ணிக்கை. நாலு பேருக்கு ஐந்து இறாலும் ஆறு விங்ஸும் எந்தக் கணக்கு? கம்பிக்கு ஐந்து இறால் கோக்கும் வழக்கம் சமையல்கூடத்துக்கு வசதி, மேசைக்கு இல்லை. நாலு வையுங்கள், இல்லையென்றால் எட்டு. நாலு இறாலோடு நிறுத்திவிட்டு மிச்சமாகும் ஒன்றின் காசில் டிக்காவைக் கூட்டினால்கூட யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்துக் கல்யாண வீடுகளில் சஹன் எனும் பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடும் பழக்கம் உண்டு. ஒரு சஹனுக்கு எத்தனை பேர் என்று முதலிலேயே முடிவு செய்து, கறியை அதற்கேற்ப வைப்பார்கள். பகிர்ந்து உண்ணும் தட்டுக்கு அதுதான் முறை.

சமையல்கூடத்தில் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிளாட்டருக்கு ஒரே கே.ஓ.டி. (சமையல்கூடத்துக்கான ஆர்டர் சீட்டு) போகிறது, எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கின்றன. அல்ஃபஹாமுக்கு 35 நிமிடமாவது வேண்டும், டிக்காவுக்கு 12, இறாலுக்கு 4 போதும். முதலில் தயாரான இறால் ஹீட் லேம்ப் அடியில் அரை மணி நேரம் காய்ந்து ரப்பராகிறது. வாடிக்கையாளர் ‘இறால் ஃப்ரெஷ் இல்லை’ என்கிறார். ஃப்ரெஷ்தான், காத்திருந்தே கெட்டது. அல்ஃபஹாம் பாதி தாண்டியபின் டிக்கா, டிக்கா திருப்பியபின் இறால் என்று கே.ஓ.டி.யைப் பிரித்து விட்டாலே இது சரியாகிவிடும். ஃப்ரைஸை ஆவி பறக்கும் சோற்றின் மேல் கொட்டாதீர்கள், ஐந்தே நிமிடத்தில் துவண்டுவிடும். தனிக் கிண்ணம் போதும். 18 அங்குல அலுமினியத் தட்டையும் சூடாக்கித்தான் அடுக்க வேண்டும், இல்லையென்றால் படம் எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். தட்டில் காட்சிக்காக விடும் உலர் பனிக்கட்டிப் (டிரை ஐஸ்) புகை தேவையே இல்லை. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் பொருள் அது. சூடாகச் சாப்பிட வேண்டிய கறிக்குப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை, அதுவும் குழந்தைகள் கை நீட்டும் மேசையில்?

மயோனைஸ் விஷயத்தில் ஒரு வரி. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. முட்டையில்லாததா, பாஸ்டுரைஸ் செய்த முட்டையில் செய்ததா என்று மெனுவிலேயே போடுங்கள். நாலு பேருக்கு 30 மில்லி கிண்ணம் ஒன்றை வைத்துவிட்டு ‘எக்ஸ்ட்ரா மயோ’வுக்குத் தனி பில் போடுவது நன்றாக இல்லை.

பில்லுக்கு வருவோம். 1,900 ரூபாய்க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,995. பத்து சதவீத சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்த்து, அதன்மேலும் வரி போட்டால் 2,194 ரூபாய் 50 காசு. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் அதை உறுதி செய்தது. ‘கேட்டால் எடுத்துவிடுவோம்’ என்பது பதிலாகாது.

மெனுவில் எடையைப் போடச் சட்டம் சொல்கிறதா என்று கேட்பீர்கள். மத்திய உரிமம் வைத்திருப்பவர்களும் பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவர்களும் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதிமுறை சொல்கிறது. இரண்டு மூன்று கிளை வைத்திருப்பவர்களை அது தொடாமல் போகலாம். ஆனால் தராசு இல்லாத சமையல்கூடம் எது? போர்ஷன் எடையை ரெசிபி கார்டில் எழுதித்தான் வைத்திருக்கிறீர்கள். வெந்தபின் எடை தீக்குத் தீ மாறும், அதை வைத்து வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். சமைக்கும் முன் எடையைப் போடுங்கள், அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

மெனுவில் இவ்வளவு இருந்தால் போதும்: “4 பேருக்கு. அரை அல்ஃபஹாம் (500 கிராம்), டிக்கா 8 (240 கிராம்), விங்ஸ் 8, இறால் 4, சோறு அரைக் கிலோ அரிசியில், குப்பூஸ் 4. எடை சமைக்கும் முன். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் சோறும் கால் அல்ஃபஹாமும் கூடுதலாக இவ்வளவு ரூபாய்.” அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மேசைக்கு வருவது ஐந்து பேர்.

இப்படிக்கு,
சமையல்கூடத்திலும் கொள்முதலிலும் வேலை பார்க்கும், சாப்பிடவும் வரும் சிலர்