சுற்றிக் காட்டும் நாளில் நீங்கள் சொல்லாதவை

கூட்டுக் குடியிருப்புகளைத் தொடங்கி நடத்துபவர்களுக்கும், அவற்றின் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் அப்படியொரு குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவள். அவரவருக்குத் தனி வீடு, நடுவில் பொதுக்கூடம், முறைவைத்துச் சமையல், சேர்ந்து தோட்ட வேலை என்ற இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இதைவிட்டுப் போகும் எண்ணமும் இல்லை.

புதிதாக வர நினைப்பவர்களை அழைத்துச் சுற்றிக் காட்டுகிறீர்கள். பொதுக்கூடத்துப் பெரிய அடுப்பு, பிள்ளைகள் விளையாடும் அறை, பட்டறைச் சுவரில் வரிசையாக மாட்டிய ரம்பமும் சுத்தியலும் எல்லாம் காட்டுவீர்கள். மாதச் சந்தா சில வருஷங்களில் எவ்வளவு ஏறியது என்ற பேச்சு வராது. கூரை ஒழுகினால் வீட்டுக்கு வீடு சிறப்பு வசூல் உண்டு என்பதும் வராது. வீட்டை விற்றுவிட்டுப் போனவர் ஏன் போனார் என்று கேட்டால் "குடும்பச் சூழ்நிலை" என்று முடித்துவிடுவீர்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு புகார். பிரச்சினையை வெளிப்படையாகப் பேச முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகவே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று படுகிறது. சேமிப்பையெல்லாம் கொட்டிச் சந்தை விலையில் வீடு வாங்கியவர், நாளைக்கு அதே சந்தையில்தான் விற்றாக வேண்டும். "அங்கே ஓயாமல் சண்டையாம்" என்று பேச்சு கிளம்பினால் நஷ்டம் அவருக்கு. அதனால் வாயை மூடிக்கொள்கிறார். நாலு சுவருக்குள்கூடப் பேசாமல் இருக்கப் பழகிவிடுகிறார்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொதுக்கூடத்துக்குப் புதுத் தரை போடும் திட்டம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மா, "இந்தத் தொகையை ஒரே தவணையில் என்னால் கட்ட முடியாது" என்றார். கூட்டத்தை நடத்தியவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "அதைத் தனியாப் பேசிக்கலாம்மா" என்றார். பேசினார்கள், ஏதோ ஏற்பாடும் ஆனது. ஆனால் அதே நிலையில் அங்கே உட்கார்ந்திருந்த மற்றவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில், "தரைத் திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று ஏறிவிட்டது.

ஒருமித்த முடிவு என்று பெருமையாகச் சொல்கிறோமே, பணம் என்று வரும்போது அது இப்படித்தான் வேலை செய்கிறது. இல்லாதவர் எழுந்து தடுக்க மாட்டார், கூச்சம் விடாது.

பகிர்ந்து வாழ்ந்தால் செலவு குறையும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது உள்ளே வந்தவருக்குக் கிடைக்கும் மிச்சம். வாசலில் நிற்பவருக்கோ, பொதுக்கூடம் கட்டிய செலவும் சேர்ந்த வீட்டு விலைதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த முறை சொந்த வீட்டுக்காரர்களுக்கானது, அதை என்ன செய்ய முடியும் என்கிறவர்களும் உண்டு. டென்மார்க்கில் சேட்டடாமென் குடியிருப்பு 1972-இல் வந்தது. அதில் இருந்தவை சொந்த வீடுகள். ஆறே வருஷத்தில், 1978-இல், அதே நாட்டில் டிங்கோர்டன் வந்துவிட்டது. அது லாப நோக்கமில்லாத வாடகைக் குடியிருப்பு. ஆக, வாடகை வழி நேற்று முளைத்ததில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 'லைலாக்' என்ற குடியிருப்பு, மொத்தம் 20 வீடுகள். வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம். ஒவ்வொருவரும் தம் நிகர வருமானத்தில் 35 சதவீதத்தைக் கட்டுகிறார்கள். அது அவர்கள் பெயரில் பங்காகச் சேர்கிறது. அந்தப் பங்கின் மதிப்பு வீட்டு விலையைப் பார்த்து ஏறுவதில்லை, மக்களின் சராசரி சம்பளத்தைப் பார்த்து ஏறுகிறது. வருமானத்தைச் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும் என்பதால், பணத்தைப் பற்றிய கூச்சத்தில் பாதி வாசலிலேயே போய்விடும். ஒரு சண்டை வெளியே தெரிந்தால் யாருடைய வீட்டு விலையும் விழப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஜெர்மனியில் பல வாடகைக் குடியிருப்புகளை இணைக்கும் மீட்ஸ்ஹொய்சர் சிண்டிகாட் அமைப்பில், வீடு சந்தைக்குப் போகாமல் தடுக்கும் பூட்டு வேறு மாதிரி. வீடு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். குடியிருப்போர் சங்கமும் சிண்டிகாட்டும் அதில் பங்குதாரர்கள். அன்றாட விஷயங்களில் சிண்டிகாட் தலையிடாது, ஆனால் விற்க வேண்டுமென்றால் அது சம்மதிக்க வேண்டும். இருப்பவர்கள் எல்லோரும் வாடகைதாரர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டும். மறுவிற்பனை விலைக்கு வரம்பு போடுவதென்றால் நிலம் வாங்குவதற்கு முன்பே போட்டாக வேண்டும். முழு விலை கொடுத்து வந்துவிட்டவரிடம் போய், "உங்கள் வீட்டு விலையைக் குறைக்க ஓட்டுப் போடுங்கள்" என்றால் யார் போடுவார்கள்? நான் வாங்கியிருந்தால் நானும் போட மாட்டேன். "முதலில் கட்டி முடிப்போம், மற்றதை அப்புறம் பார்ப்போம்" என்ற குழுக்களில் அந்த அப்புறம் வரவே வராது.

காத்திருப்பதும் ஒரு செலவுதான். லண்டனில் வயதான பெண்கள் தங்களுக்கென்று உருவாக்கிய நியூ கிரவுண்ட் குடியிருப்புக்கான முயற்சி 1998-இல் தொடங்கியது. குடிபுக முடிந்தது 2016-இல். அப்படியும் 25 வீடுகளில் 8 வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினார்கள். அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க எல்லோராலும் முடியாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

ஏற்கெனவே நடக்கிற குடியிருப்புகள் என்ன செய்யலாம்? சுற்றிக் காட்டும் நாளில் ஐந்து வருஷ வரவு செலவையும் பழுதுபார்ப்பு நிதியின் இருப்பையும் மேசைமேல் வையுங்கள். விட்டுப் போகிறவரிடம் வெளியாள் ஒருவரை வைத்துக் காரணம் கேளுங்கள். பெயரை நீக்கிவிட்டு, அவர் சொன்னதை உறுப்பினர்கள் எல்லோருக்கும் கொடுங்கள். சிறப்பு வசூல் என்றால், கட்ட முடியாதவருக்கு என்ன வழி என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட்டு அப்புறம் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையைத் தூக்கித் தன் இல்லாமையைச் சொல்லும் வேலை யாருக்கும் இருக்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவருக்கும் வாங்கியவருக்கும் சமமான ஓட்டு கொடுங்கள். பாத்திரம் கழுவும் முறையில் எங்களுக்குச் சமபங்கு இருக்கிறதே!

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் போடாமல், முதல் விஷயமாகவே எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடகைக்கு இருக்கும் ஓர் உறுப்பினர்