மேஜர் அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

நேற்றுக் கல் வந்தது. தோட்டத்தில் உங்களை அடக்கம் செய்த இடத்தில் நடுவதற்கு அப்பா சொல்லிவைத்த கல். பெயருக்கு முன்னால் ‘செல்வி’ என்று வெட்டியிருந்தார்கள். 68 வயதில் போன உங்களுக்குச் செல்வி! கல்யாணம் ஆகாதவர் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், கல் வெட்டுகிறவர் அவர் பாட்டுக்கு வெட்டிவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் டெம்போக்காரரிடம், “திருப்பிக் கொண்டு போயிருங்க” என்றார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம ஊரில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் நாலு பேர். ‘மிலிட்டரிக்காரர் வீடு’, ‘மிலிட்டரிக்காரர் கொறங்காடு’ (மேய்ச்சல் காடு) என்று வழி சொல்வதுகூட அவர்கள் பெயரில்தான். நீங்கள் மேஜராக ஓய்வு பெற்று வந்தீர்கள். உங்களுக்கு ஊர் வைத்த பெயர் நர்சம்மா. அந்தப் பெயரில் குறை ஒன்றும் இல்லை. பாம்புக்கடியோ குழந்தைக்குக் காய்ச்சலோ, எந்நேரமும் நம் வாசலுக்குத்தான் ஓடி வந்தார்கள். ஆனால் தோளில் சிங்கமுத்திரை வைத்த அதிகாரி நீங்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ராணுவத்தில் மருத்துவம் தவிர்த்த மற்ற பிரிவுகளுக்குப் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கியதே 1992இல்தான். நீங்கள் 1973இல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு நர்சிங் படிக்கப் போனீர்கள், 1977இல் லெப்டினன்ட். காங்கேயத்தில் பஸ் ஏறி ஈரோட்டில் ரயில் பிடித்துப் போன அந்த நாளில், கிளுவை வேலி ஓரம் நின்று ஆத்தா அழுததை அப்பா இன்னும் சொல்கிறார்.

உங்கள் கல்யாணத்தைப் பற்றி ஊர் எத்தனை கதை கட்டியது! ஜாதகம் சரியில்லை என்றார்கள், வடக்கே யாரையோ விரும்பினார் என்றார்கள். அப்பாவின் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தீர்கள். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த ஒரே பெண் நீங்கள். ஆனால் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் நிற்கிற இணைச்சீர் சடங்குக்கு உங்களை நிறுத்தவில்லை. கல்யாணம் ஆகாதவள் எப்படி நிற்பது என்று பெரியவர்கள் பேசி, ஒன்றுவிட்ட அத்தையை நிறுத்தினார்கள். போட்டோவில் நீங்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறீர்கள். அந்தப் பந்தல் போட்டதே நீங்கள் அனுப்பிய பணத்தில்தான். அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே இல்லை.

எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னீர்கள். திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். “கல்யாணம் பண்ணுனா வேலை போயிரும், அம்மிணி” என்றீர்கள். அவ்வளவுதான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அது சட்டமாகவே இருந்திருக்கிறது, அத்தை. நீங்கள் சேர்ந்த அதே 1977ஆம் ஆண்டின் ராணுவ ஆணை ஒன்று, ராணுவச் செவிலியர் கல்யாணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலக்கலாம் என்றது. 1995இல்தான் அதை எடுத்தார்கள். உங்களுக்கு அப்போது 40 வயது. செலினா ஜான் என்ற லெப்டினன்ட்டை அப்படித்தான் 1988இல் வெளியே அனுப்பினார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தினார். அந்த விதி பெண்ணின் கண்ணியத்துக்கே எதிரானது என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரி 14. நீங்கள் போனது 2023 மார்கழியில். இரண்டு மாதம் இருந்திருக்கக் கூடாதா? பேப்பரை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டிலுக்கு ஓடி வந்திருப்பேன். அதே வருஷம் ஜூலையில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பஞ்சாபில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வேலை மறுக்கப்பட்ட ஒரு ராணுவச் செவிலியர், முன்னாள் படைவீரர்தான் என்று. இதற்கும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கார்கில் சண்டையின்போது நீங்கள் ஸ்ரீநகரில் ராணுவத்தின் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். 1999இல் அங்கே பார்த்ததில் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. காயத்தோடு கொண்டுவந்த பையன் ஒருவன், நீங்கள் வேறு யாரிடமோ “ஏனுங்க” என்று சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் திறந்து, “சிஸ்டர், நீங்க நம்ம பக்கமுங்களா?” என்றானாம். பல்லடம் பக்கத்துப் பையன். ராத்திரி முழுக்க அவனிடம் தோட்டம், கிணறு, மாடு, மாரியம்மன் நோம்பி என்று பேசிக்கொண்டே இருந்தீர்களாம். அவன் பிழைத்தானா என்று கேட்டேன். நீங்கள் காப்பி போட எழுந்து போய்விட்டீர்கள்.

2001இல் ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசிவரை அவரைப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் முறை வந்தபோது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வாட்ச்சை எப்போதும்போல மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டியிருந்தீர்கள். அன்று விடியற்காலை உங்கள் நாடியை நீங்களே பிடித்து, வாட்ச்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். “தம்பிய எழுப்பு, அம்மிணி” என்றீர்கள், எந்தப் பதற்றமும் இல்லாமல். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பெருந்துறை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழவு வீட்டுக்கு மேற்கு வளவில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். 80 வயதுக்கு மேல் இருக்கும், கோல் ஊன்றித்தான் நடப்பார். கோலைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, உங்கள் தலைமாட்டில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “மேஜருங்க. எனக்கெல்லாம் எத்தனையோ மேலே” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கல் அடுத்த வாரம் வரும். பெயருக்கு முன்னால் ‘மேஜர்’, கீழே ‘ராணுவச் செவிலியர் பணி, 1977–2001’. உங்கள் நம்பரையும் போட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். டிரங்குப் பெட்டி மேல் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது, கடைசி எழுத்து மட்டும் உரிந்துவிட்டது. பென்ஷன் காகிதத்தைத் தேடி எடுத்து, சரிபார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
அம்மிணி