கொறங்காட்டை உழ வேண்டாம் அப்பா

அயோவா சிட்டி,
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவேயில்லை என்று அம்மா வருத்தப்பட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். தப்பு என்னுடையதுதான். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. அரிசிம்பருப்பு சாதம் ஒரு தடவை வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது. சித்திரை முடிந்தும் ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் வெளியே போக முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஞாயிறு தவறாமல் ரோச்சஸ்டர் இடுகாட்டுக்குப் போவார். மனைவியின் கல்லருகே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வாரச் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். இப்போது நானும் கூடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வேறு வேலை கிடையாது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அது. சீடர் ஆற்றுப் பக்கம், மேடும் பள்ளமுமாக 13 ஏக்கர். சாக், மெஸ்குவாகி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1832 போருக்குப் பின் அமெரிக்க அரசு பிடுங்கிய சீமை. அடுத்த சில வருஷங்களில் கிழக்கிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள்தான் இங்கே முதலில் புதைந்தவர்கள். அயோவா மாநிலமானதே 1846இல்தான்.

அப்போது எங்கும் ஆள் உயரப் புல். வேர் பத்தடி ஆழம் போகும். வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொண்டு ஏர் நகராது. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கொழு வைத்துக் கலப்பை செய்தார். அப்புறம் அறுபது, எழுபது வருஷத்தில் முக்கால்வாசி உழுதாகிவிட்டது. ஏறக்குறைய 3 கோடி ஏக்கர் புல்வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்பதால் இந்த 13 ஏக்கரில் மட்டும் ஏர் இறங்கவில்லை. 400க்கு மேல் செடிவகை இருக்கிறதாம். இப்போது ஷூட்டிங் ஸ்டார் என்றொரு பூ, இதழெல்லாம் பின்னால் மடங்கி, கற்களுக்கு நடுவே கொத்துக் கொத்தாக நிற்கிறது.

போன வாரம் அங்கே மழை. ஈரப் புல்லின் வாசம் நம் மேய்ச்சல் நிலம் கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல் வாசம்தான் அப்பா. கிளுவை வேலி, வெள்வேல மரம், அப்பாரு சமாதி எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. அழுதுவிட்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா கொறங்காட்டை உழுது மனை பிரிக்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தோட்டத்தில் என் பங்கை வேண்டுமானால் அவரே எடுத்துக்கொள்ளட்டும். அப்பாரு படுத்திருக்கும் அந்த மூன்று ஏக்கரில் டிராக்டர் இறங்கக் கூடாது. நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயரைக் கூப்பிட்டு நான்கு மூலைக்கும் கல் நட்டுவிடுங்கள். அந்தச் செலவை நான் அனுப்புகிறேன். இந்த மாதப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும், கவலை வேண்டாம்.

வெள்ளச்சி கன்று போட்டுவிட்டாள் என்றீர்களே, காளையா கிடாரியா என்று எழுதவில்லை.

உங்கள் மகன்
செந்தில்