லிங்கனின் நண்பர் மட்டுமல்லர் டேவிட் டேவிஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆபிரகாம் லிங்கன் பற்றி வெளியான கட்டுரை, 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் அவரை அதிபர் வேட்பாளராக்கப் பாடுபட்ட நண்பர் என்று டேவிட் டேவிஸை ஒரே வரியில் கடந்துவிட்டது. நண்பர் என்பது மெய்தான். 1848 முதல் இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது சுற்று நீதிபதியாக அவர் ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விசாரித்தபோது, சேற்றுப் பாதைகளில் உடன் அலைந்த வழக்கறிஞர்களில் லிங்கனும் ஒருவர். சத்திரங்களில் இருவருக்கு ஒரு கட்டில் என்பது வழக்கம். 300 பவுண்டு எடையைத் தொட்ட டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில். அவர் வர இயலாத நாள்களில் நீதிபதியின் இருக்கையில் லிங்கனே அமர்ந்ததும் உண்டு.

அவரை 1862இல் லிங்கன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கியதை நட்புக்குத் தந்த பரிசு என்று சொல்வோர் மில்லிகன் வழக்கைப் பார்க்க வேண்டும். இண்டியானாவைச் சேர்ந்த லாம்டின் மில்லிகனுக்கு உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவ விசாரணைக் குழு தூக்குத் தண்டனை விதித்திருந்தது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் மாநிலத்தில், படையில் இல்லாத குடிமகனை விசாரிக்க ராணுவத்துக்கு அதிகாரமில்லை என்று 1866இல் தீர்ப்பு எழுதியவர் டேவிஸ். தம்மை நியமித்தவரின் அரசு அமைத்த விசாரணை முறையையே அவர் செல்லாததாக்கினார்.

அவரிடம் எனக்குக் குறையும் உண்டு. 1876 அதிபர் தேர்தலில் சில மாநிலங்களின் வாக்குகள் யாருக்கு என்ற தகராறைத் தீர்க்க அமைக்கப்பட்ட 15 பேர் ஆணையத்தில், இரு கட்சிக்கும் பொதுவானவராக அவரே அமர்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர். அந்நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம் அவரை செனட்டுக்குத் தேர்ந்தெடுக்க, அதைக் காட்டி அவர் ஒதுங்கிக்கொண்டார். 1877 மார்ச் தொடக்கம்வரை அவர் நீதிபதியாகவே நீடித்தார். ஆணையமோ அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டது. ஆகவே அவர் அமர்ந்திருக்கலாம். எந்தப் பக்கம் வாக்களித்திருப்பார் என்பது வேறு விஷயம். அவருக்குப் பதிலாக வந்த ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சிக்காரர். சர்ச்சைக்குரிய வாக்குகள் அனைத்தும் 8–7 என்ற கணக்கில் அக்கட்சியின் வேட்பாளர் ரூதர்ஃபோர்ட் ஹேஸுக்கே போயின.

இவ்விரண்டையும் தொடர் கட்டுரையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
திருநெல்வேலி.