கொல்லிமலைக்கு முன்னால் அந்த ‘டொக்’

அன்புள்ள ரவி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரில் எல்லோருடைய ராசிபலனையும் படித்து, யார் இன்று வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு. மற்றபடி எல்லாரும் சுகம். இனி உன் வண்டிக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் எங்கோ ‘டொக்’ என்று கேட்கிறது, ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருக்கிறது, மழை பெய்த மறுநாள் காலையில் கரகரப்பு, பிரேக் பேடு மாற்றியும் ‘டொக்’ போகவில்லை, அதனால் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியிலேயே ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை, அறப்பளீஸ்வரர் கோயில்! ஹாஸ்டல் ஸ்டவ் விஷயத்திலும் நீ இப்படித்தான். வார்டனுக்குப் புருவம் திரும்ப முளைக்க எத்தனை நாள் ஆனது என்று முருகேசனைக் கேள், அவன் இன்னும் மறக்கவில்லை.

கரகரப்பை விட்டுவிடு. பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு, வெறும் இரும்பு. ராத்திரி மழையில் நனைந்தால் காலையில் மேலே லேசாகத் துரு படிந்திருக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால், தட்டை அழுத்திப் பிடிக்கிற பேடே அதைத் தேய்த்து எடுத்துவிடும். அதற்கு மேலும் நிற்காமல் கேட்டால்தான் பார்க்க வேண்டும். பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறதா, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் சின்னக் கல் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று. உனக்குத்தான் புது பேடு போட்டாகிவிட்டதே.

எனக்குத் தூக்கம் போனது அந்த ‘டொக்’கால்தான். நீ பிரேக்குக்கு ஒரு வியாதி, ஸ்டீயரிங்குக்கு ஒரு வியாதி என்று தனித்தனியாக எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான் என்று படுகிறது. போன வருஷம் என் வண்டியிலும் இதே கதை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டீயரிங் ரேக்கை முழுதாக மாற்றியாக வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. நம்ம பாய் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பாய் முதலில் கேட்டது, எங்கே சத்தம் வருகிறது என்று இல்லை, எப்போது வருகிறது என்றுதான். பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? வண்டி நின்றுகொண்டிருக்கும்போது வருமா? இதற்குப் பதில் சொல்லச் சொல்லவே பாய்க்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை அடியில் படுத்துப் பார்த்தார். லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ் கிழிந்திருந்தது.

அது செய்கிற வேலை இதுதான். முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது லோயர் ஆர்ம். அது சட்டத்தோடு சேருகிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் போகப் பார்க்கும், புஷ் அதைத் தாங்கும். ரப்பர் கிழிந்துவிட்டால் ஆர்ம் நகர்ந்து போய் இரும்பில் இடிக்கும். அதுதான் உன் ‘டொக்’. சக்கரம் அப்படி நகரும்போது அது பார்க்கிற திசையும் கொஞ்சம் மாறிவிடுகிறது. நீ ஸ்டீயரிங் ஆடுகிறது என்கிறாயே, அது இதனாலேயே இருக்கலாம். முன் டயரின் உள்பக்க ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்.

ஒன்று செய். ஆள் இல்லாத மைதானத்தில் நடக்கிற வேகத்தில் முன்னால் போய் பிரேக் பிடி, உடனே ரிவர்ஸ் எடுத்து மறுபடி பிடி. பாட்டை நிறுத்திவிட்டு! திசை மாறும்போதெல்லாம் ஒரு ‘டொக்’ கேட்டால் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். ஆனால் பேடைப் பிடித்திருக்கிற கிளிப் தளர்ந்து போயிருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும், ஸ்டீயரிங் மட்டும் ஆடாது. உனக்கு பேடு மாற்றுவதற்கு முன்பே சத்தம் இருந்திருக்கிறது, ஸ்டீயரிங்கும் சரியில்லை. அதனால்தான் புஷ் என்கிறேன். டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வருகிற கம்பியின் நுனி), பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கிற மூட்டு) இரண்டையும் கையோடு பார்க்கச் சொல். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட்டில் ஆட்டம் இருந்தால் தெரியும். 12-லும் 6-லும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டிலோ வீல் பேரிங்கிலோ இருந்தால் தெரியும். மெக்கானிக் செய்யட்டும். நீ வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. பால் ஜாயின்ட் கழன்றால் அந்தச் சக்கரம் அப்படியே மடிந்துவிடும் ரவி. அதற்கப்புறம் ஸ்டீயரிங் கையில் இருந்து பிரயோஜனம் இல்லை.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் கேட்பாய், கிழிந்த புஷ்ஷுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரைக்குமாவது கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. செகண்ட் கியரில் இறங்கு, வேகத்தை எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும்.

ஏற்காடு இறக்கத்தில் சந்திரனுக்கு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நாம்தான். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

புஷ் ஒன்றும் பெரிய செலவில்லை. எனக்கு அந்த ஒர்க்‌ஷாப் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழையதைத் தட்டி எடுத்துப் புதியதை பிரஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், சில வண்டிக்கு ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடு. அப்புறம் வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதே. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்று வருகிறதா என்பதையும் கவனி. நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வந்தால் ஆக்சில் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கலாம்.

திருச்சியில் நம்பிக்கையான ஆள் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வா, மெதுவாக ஓட்டிக்கொண்டு. பாயிடம் சொல்லி வைக்கிறேன். அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உன் ராசி அவருக்கு மனப்பாடம். அதுவும் முடியாது என்றால் கொல்லிமலைக்கு பஸ்ஸில் போங்கள். தங்கச்சியிடம் நான் இதைத் தனியாக போன் பண்ணிச் சொல்லத்தான் போகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மணி

பி.கு.: முருகேசன் பெண் கல்யாணம் ஆவணியில். பத்திரிகை வரும். மொய்க் கவரில் மறுபடியும் என் பெயரை எழுதாதே.